ஏழு திரள்களிலும் ஒன்றுமில்லை

சுவாமிமலைக்குப் பக்கத்தில், வயலை ஒட்டிய என் வீட்டு மொட்டைமாடியில் ஒரு தொலைநோக்கி இருக்கிறது. கல்லூரியில் இயற்பியல் நடத்தும் எனக்கு அதுதான் பைத்தியம்.

போன தை மாதம் ஒரு சாயங்காலம் கைபேசியில் தகவல் வந்தது. எங்கோ இரண்டு விண்மீன்கள் மோதி, அதில் எழுந்த ஈர்ப்பலை பூமியைக் கடந்திருக்கிறது. அலை வந்த திசை தோராயமாகத்தான் தெரியும். மோதிய இடத்தில் புதிதாக ஓர் ஒளிப்புள்ளி தெரிகிறதா என்று உலகம் முழுக்கத் தேடுவார்கள். நானும் தேடக் கிளம்பினேன். பக்கத்து வயலில் தாளடி நெல் போட்டிருந்த செல்வியிடம், வெளிச்சம் இடைஞ்சலாக இருக்கும் என்று, பூச்சிகளை இழுக்கும் விளக்குப்பொறியை அணைக்கச் சொன்னேன். உடனே அணைத்தார்.

அந்தத் திசையில் இருந்த ஏழு விண்மீன் திரள்களைப் படமெடுத்துப் பழைய படங்களோடு ஒப்பிட்டேன். புதிதாக எதுவும் இல்லை. வழக்கம்போல் யாருக்கும் சொல்லாமல் படுத்துவிட்டேன்.

காலையில் செல்வி கேட்டார். “கிடைச்சுதா சார்?”

“ஒண்ணும் இல்லம்மா.”

“அதை எழுதி அனுப்பிட்டீங்களா?”

“இல்லாததை என்னன்னு எழுதுறது?”

“என்ன சார் இப்படிச் சொல்றீங்க? பொறியில பூச்சி விழலன்னாலும் நான் நோட்டுல எழுதிடுவேன். அதை வச்சுத்தானே மருந்து அடிக்க வேணாம்னு முடிவு பண்றோம்? நேத்து மட்டும் எழுதல. விளக்கே எரியலயே.”

தேடுகிறவர்கள் எல்லோரும் பார்க்கும் இணையப் பட்டியலுக்கு, ஏழிலும் ஒன்றுமில்லை என்று அன்றே அனுப்பினேன். பெரிய தொலைநோக்கி ஒன்றில் வேலை செய்யும் முகம் தெரியாத ஒருவர் பதில் போட்டார்: “நன்றி. அந்த ஏழையும் விட்டுவிட்டு வேறு பக்கம் தேடுகிறோம்.”

ஆறு வருடமாகக் கண் விழித்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று சொல்லக் கூச்சப்பட்ட இரவுகள் எத்தனையோ. எழுதாமல் விட்டதால், செல்வியின் நோட்டுப்படி அவையெல்லாம் விளக்கே எரியாத இரவுகள்தான்.