அவ எப்ப துன்னா?

செவ்வாய்க்கிழமை காலை கன்டெய்னர் யார்டு வாசலில் லாரி எண்களைப் பதிந்துகொண்டிருந்தேன். ஸ்டெல்லா அக்காவின் தம்பி போன் செய்தார். "அக்கா பூட்ச்சுப்பா." அவ்வளவுதான் சொன்னார். இறப்புச் சான்றிதழில் நிமோனியா என்று எழுதியிருக்கிறார்கள். அக்கா நாற்பத்திரண்டு வருடம் சுவாசித்த எண்ணூர் ஆலைப் புகைக் காற்றைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

அக்காவும் நானும் ஆறு வருடம் அந்த யார்டில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் வேலை பார்த்தோம். ஞாயிறுகளில் நம் வாசிப்பு வட்டத்துக்கும் சேர்ந்தே வந்தோம். டிராகன், சூனியக்காரி, வாளேந்திய இளவரசி என்று இந்தக் காலத்து மாயக்கதைகளை அவர் விழுந்து விழுந்து படிப்பார். பெண்கள் படும் பாட்டைச் சொல்லும் பழைய நாவல்கள்தான் இலக்கியம் என்று நான் கத்துவேன்.

திருவொற்றியூர்க் கூட்டம் வட்டத்து நண்பர்களான உங்களுக்கு நினைவிருக்கும். "உங்க கதையெல்லாம் நெசத்துலேர்ந்து தப்பிச்சி ஓடுறதுக்கா?" என்று அக்காவைக் கேட்டேன்.

"ஓடிக்கினுதான் கீறேன் நைனா. உன் புக்குல இன்னா கீது? ஒரு பொம்பள முந்நூறு பக்கம் அடுப்பாண்ட வெந்துகினு கீறா. எல்லாருக்கும் சோறு போட்றா. அவ எப்ப துன்னா?"

"உங்க இளவரசி துன்னாளா?"

அக்கா யோசித்தார். "இல்லடா. மூணு நாளா டிராகன் மேலயே கீறா. ரெண்டு பேரும் பட்டினி."

கூட்டக் குறிப்பு எழுதியவன் நான். 'துன்னா' என்பதை 'உணவருந்தினாள்' என்று மாற்றினேன். மறுநாள் அதைப் படித்துவிட்டு அக்கா யார்டில் என்னைப் பிடித்துக்கொண்டார். "நான் எப்படா அருந்துனேன்? இந்த வாயாலதான கேட்டேன், அத்த ஏன் கழுவுற?" ஏழைகளுக்காக எழுதுகிறேன் என்று திரிந்தவனுக்கு அவர்கள் சொல் அழுக்காகத் தெரிந்திருக்கிறது.

என் முதல் நாவலை அவரிடம்தான் முதலில் கொடுத்தேன். காசிமேட்டில் இறால் உரிக்கும் ஒருத்தியின் கதை. பதினோரு இடத்தில் ஓரத்தில் பென்சிலால் 'துன்னாளா?' என்று எழுதித் திருப்பித் தந்தார். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. பிறகு புரட்டிப் பார்த்தேன். பதினோரு முறை அவளைச் சமைக்க வைத்திருக்கிறேன். ஒரு முறைகூட உட்கார்ந்து சாப்பிட விடவில்லை. நான் கதையில் திட்டித் தீர்த்த அவள் புருஷன் செய்ததும் அதுதான்.

அவள் உட்கார்ந்து சாப்பிடும்படி திருத்திய அத்தியாயத்தை, அக்கா படுத்திருந்த ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனேன். ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கிக் கேட்டார்.

"இன்னா துன்னா?"

"பழைய சோறு. வறுத்த நெத்திலி."

"சூடா போடுடா அவளுக்கு."

அடக்கம் முடிந்து ராயபுரத்திலிருந்து திரும்பியதும் அந்த வரியை மாற்றினேன். இப்போது அவள் தட்டில் ஆவி பறக்கிறது. அந்தப் பதினோரு பென்சில் கேள்விகளை நான் அழிக்கவில்லை.