பிள்ளையின் தூக்கமும் பிரிக்காத பூப்பொட்டலமும்

போன மாசி மாதம் என் மகன் தூங்குவதை விட்டுவிட்டான். அப்போது அவனுக்கு ஒன்பது மாதம். அதுவரை தொட்டிலில் போட்டு நாலு ஆட்டு ஆட்டினால் கண் சொருகிவிடும். திடீரென்று ஒரு மத்தியானம், தொட்டில் சேலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று கத்தினான். அன்று பிடித்தது. பகல் தூக்கமும் போனது, ராத்தூக்கமும் போனது.

எங்களுக்குப் பரளச்சிப் பக்கம் ஊர். நான் அருப்புக்கோட்டையில் ஒரு நூல் மில்லில் வேலை பார்க்கிறேன். வீட்டுக்காரர் பந்தல்குடியில் லோடு வண்டி ஓட்டுகிறார். பேறுகாலம் முடிந்து நான் மறுபடி வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டவர் வீட்டுக்காரரின் அக்கா. மதினி என்று கூப்பிடுவேன். எனக்குக் கூடப்பிறந்த அக்கா கிடையாது; அந்தக் குறையே தெரியாமல் வைத்திருந்தார். மில்லில் பிள்ளைக் காப்பகம் உண்டு. மதினி இருக்கும்போது அது எதற்கு என்று நான்தான் வேண்டாமென்றேன்.

பிள்ளை தூங்காமல் போனதும் ஊர் வாய் என் மேல் திரும்பியது. "பெத்தவ டவுனுக்குப் போயிட்டா பிள்ளைக்கு எப்படி ஒறக்கம் வரும்?" என்றார்கள். கயிறு மந்திரித்துக் கட்டினோம். மிளகாய் சுற்றிப் போட்டோம். எதற்கும் அடங்கவில்லை. மில்லில் எந்திரத்துக்கு முன்னால் நிற்கும்போதே எனக்குக் கண் இருட்டியது. "இன்னொரு தடவ வேலைய விட்டு நின்னா திரும்ப எடுக்க மாட்டாக, பாத்துக்கம்மா" என்றார் மேஸ்திரி. நானாகத் தேடிக்கொண்ட ஒரே பிடிமானம் அந்த வேலை. எங்கள் ஊர்க் காளியாத்தாளிடம் போய் அழுதேன். "என் பிள்ள ஒறங்கணும், என் வேலையும் நிலைக்கணும். ஒண்ணக் குடுத்து ஒண்ணப் பறிச்சிராத ஆத்தா."

மதினிதான் பூக் கேட்டுப் பார்க்கலாம் என்றார். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி ஆத்தா காலடியில் வைத்து, சின்னப் பிள்ளை ஒன்றை விட்டு எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் நான் வேலைக்குப் போகலாம். சிவப்பு வந்தால் நின்றுவிட வேண்டும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை போனோம். பொட்டலம் கட்டியது மதினி. பக்கத்து வீட்டுச் சிறுமி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். பிரித்தோம். சிவப்பு அரளி.

"ஆத்தாளே சொல்லிட்டா, அதுக்கு மேல பேச்சென்ன?" என்றார் வீட்டுக்காரர். மதினி என் தலையைத் தடவிக் கொடுத்தார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. வருஷம் தவறாமல் உனக்கு முளைப்பாரி தூக்கினேனே, எனக்கா இதைச் செய்தாய் என்று கேட்டேன். அன்றைக்கு வீட்டில் விளக்கேற்றவில்லை. வியாழக்கிழமை மில்லுக்குப் போய் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வருவதுதான் பாக்கி.

மறுநாள் புதன்கிழமை, சுகாதார நிலையத்தில் பிள்ளைக்குத் தடுப்பூசி. நர்சம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். கொட்டித் தீர்த்துவிட்டேன். அவர் பிள்ளையின் காதைப் பார்த்தார், வாயைப் பார்த்தார், எடை போட்டார். பிறகு சிரித்தார்.

"காய்ச்சல் இல்ல, ஒண்ணும் இல்ல. பிள்ள நிக்கப் பழகுதும்மா. பகல்ல பழகுறத ஒறக்கத்துலயும் பழகுது. பல்லு வேற வருது. நீ வேலைக்குப் போனாலும் போகாட்டியும் இந்த வயசுல சில பிள்ளைக இப்படித்தான். நிக்கிற பிள்ளையத் தொட்டில்ல போடாத, விழுந்துரும். தரையில பாய விரிச்சுப் போடு. தெனமும் ஒரே நேரம், ஒரே பாட்டு. எந்திரிச்சு நின்னா கோவிக்காம மறுபடி படுக்க வையி. முனகுனவொடன தூக்கிராத, பக்கத்துல இருந்து தட்டிக் குடு. ரெண்டு மூணு வாரம் பொறு. அப்பயும் சரியாகலைன்னா கூட்டிட்டு வா."

இவ்வளவுதானா! எனக்கு இன்னும் ஆத்திரம் கூடியது. இது தானாகச் சரியாகிற விஷயம் என்றால் சிவப்பை ஏன் கொடுத்தாய் ஆத்தா? பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே கோயிலுக்குப் போனேன். கும்பிடப் போகவில்லை, சண்டை போடப் போனேன்.

ஆத்தா காலடியில் அந்த இரண்டாவது பொட்டலம் அப்படியே கிடந்தது. நான் குனிந்து அவளை ஏசிக்கொண்டிருந்தபோது என் மகன் எட்டி அதைப் பிடித்துக் கிழித்துவிட்டான். அரளியாயிற்றே, வாயில் வைத்துவிடுவானோ என்று பதறிப் பிடுங்கினேன். கையில் இருந்த பூவைப் பார்த்தேன். அதுவும் சிவப்பு.

அடி ஆத்தி! அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நேற்று முழுக்க யாரைத் திட்டினேன்!

வீட்டுக்கு வந்து பூவை மதினி முன்னால் வைத்தேன். "இதுலயும் செவப்புத்தான் மதினி."

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. "எனக்கு ஏலலடி. தொட்டில் ஆட்டி ஆட்டித் தோள்பட்டை விட்டுப்போச்சு. ஏலலன்னு சொன்னா நீ என்ன நெனைப்பியோ, தம்பி என்ன நெனைப்பானோன்னு வாய் வரல. ஆத்தா சொன்னதா இருந்துட்டுப் போகட்டும்னு பண்ணிட்டேன்."

"ஒங்களுக்கு ஏலலன்னா எங்கிட்டச் சொல்ல வேண்டியதுதான? அந்த ஒத்த வார்த்தைக்காக ஆத்தாளப் பொய்க்காரி ஆக்கிட்டீகளே மதினி!"

அவர் அழுதார். நான் சமாதானம் சொல்லவில்லை.

வீட்டுக்காரரிடம் இரண்டு பொட்டலமும் சிவப்பு என்று சொல்லிவிட்டு, மில்லில் மூன்று வாரம் லீவு கேட்டேன். மேஸ்திரி முணுமுணுத்தாலும் கொடுத்தார். தொட்டிலை அவிழ்த்துவிட்டு நர்சம்மா சொன்னபடியே செய்தேன். குளிப்பாட்டி, சன்னல் கதவைச் சாத்தி, பாயில் கிடத்தி, எனக்குத் தெரிந்த ஒரே தாலாட்டைப் பாடுவேன். எழுந்து நிற்பான். படுக்க வைப்பேன். மறுபடி நிற்பான். முதல் வாரம் அவனோடு சேர்ந்து நானும் அழுதேன். பதினெட்டாம் நாள் மத்தியானம் பாட்டு பாதியில் இருக்கும்போதே குறட்டைச் சத்தம் கேட்டது. பாட்டை நிறுத்தப் பயந்து மீதியையும் பாடி முடித்தேன்.

பிள்ளை உறங்கினான். வேலையும் நிலைத்தது. நான் கேட்ட இரண்டையும் ஆத்தா கொடுத்தாள்.

மதினியோடு பழைய மாதிரி பேச்சு இன்னும் வரவில்லை. அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆனால் இப்போது தினமும் காலையில் அவரிடம் கேட்கிறேன், "மதினி, இன்னைக்கு ஏலுமா?" ஏலும் என்றால் பிள்ளை வீட்டில். ஏலல என்றால் மில் காப்பகத்தில். முதலில் அந்த வார்த்தையைச் சொல்ல அவருக்கு வாய் கூசியது. இப்போது கூசவில்லை.

என்னைப் போல ஆத்தாளை நம்புகிறவர்களே, உங்கள் பிள்ளை உறங்காவிட்டால் நர்சம்மாவையும் பாருங்கள், ஆத்தாளையும் கும்பிடுங்கள். பூவும் கேளுங்கள், நான் வேண்டாமென்று சொல்லமாட்டேன். அவள் பொய் சொல்லமாட்டாள். ஆனால் இரண்டு பொட்டலத்தையும் பிரித்துப் பாருங்கள்.