இழுக்கும், தாங்குமா?

கடையில் எந்தப் பொருளை எடுத்தாலும் பஸீலா முதலில் அதைத் திருப்பிப் பின்பக்கம் படிப்பாள். அமெரிக்காவில் சன்னிவேலுக்கு வந்து இருபத்தாறு வருஷமாக இதே பழக்கம். ஹலால்தானா என்று தெரிய, பிஸ்கட்டில் என்ன கொழுப்பு, தயிரில் ஜெலட்டின் உண்டா என்று பார்க்க வேண்டியிருந்தது. சென்னை மண்ணடியில் எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனதால் ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் வரும். ஆனாலும் பொடி எழுத்து ஒன்றையும் விடமாட்டாள். ஆண்கள் கூடிப் பேசும் இடத்தில் மட்டும் வாய் திறக்கமாட்டாள்.

அவள் கணவர் ஷம்சுதீனுக்கு படுத்துத் தூங்க வசதியுள்ள கேரவன் வண்டி மேல் ஆசை பிடித்தது. பள்ளிவாசல் சிநேகிதர் ஹம்சா தன்னுடையதை விற்கிறார். அதைத் தங்கள் எஸ்யூவியின் பின்னால் மாட்டிக்கொண்டு, அடுத்த வெள்ளிக்கிழமை யோசெமிட்டி மலைக்காட்டுப் பூங்காவுக்குப் போவதாகத் திட்டம். ஷம்சுதீன், பஸீலா, மகன் ஆதிஃப், நாத்தனார் ஷம்சாத் என்று நாலு பேர்.

"ஷூட்டிங்குக்கா போறோம் அண்ணே?" என்று ஷம்சாத் கேலி செய்தாள்.

பஸீலா சிரிக்கவில்லை. கார் ஓட்டுபவரின் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் உண்டு. ஆட்களும் சாமான்களும் சேர்ந்து 1,150 பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்று அதில் போட்டிருந்தது. காரோடு வந்த புத்தகத்தையும் மூன்று நாள் உட்கார்ந்து படித்தாள். கேரவனின் முன்பக்கம் காரின் கொக்கியில் உட்காரும் கனமும் இந்தக் கணக்கில்தான் சேரும் என்றது புத்தகம். மீறினால் காரின் பின்பக்கம் அமுங்கும், முன்சக்கரத்துக்குப் பிடிமானம் குறையும். அவளுக்கு மலை இறக்கம்தான் கண்முன் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஹம்சா வீட்டு வாசலில் பேச்சு முடியும் தறுவாயில் இருந்தது.

"காயிதத்துல 3,900 பவுண்டுதான் இருக்கு. உங்க வண்டி 5,000 இழுக்கும். பேசாம எடுத்துட்டுப் போங்க பாய்" என்றார் ஹம்சா.

"என்னங்க, ஒரு நிமிஷம்."

ஷம்சுதீன் திரும்பினார். "என்ன, பாத்ரூம் போகணுமா?"

"இல்ல. அந்த 3,900 வெறும் பாத்திரத்தோட எடையா, சோறு போட்ட பிறகா?"

ஆதிஃப் நெளிந்தான். "உம்மா, ப்ளீஸ். இட்ஸ் ஃபைன்."

"சிஸ்டர், உங்க வண்டி யானையையே இழுக்கும்" என்று ஹம்சா சிரித்தார்.

பஸீலாவுக்குக் காது சூடாகிவிட்டது. தலையைக் குனிந்தபடியே சொன்னாள். "இழுக்கும் பாய். தாங்குமான்னுதான் கேக்குறேன். நாங்க நாலு பேரே 650 பவுண்டு."

ஷம்சுதீனின் முகம் சுருங்கியது. சிநேகிதர் முன்னால் மனைவி குறுக்கே பேசியது அதுதான் முதல் தடவை. ஆனால் ஹம்சா சிரிப்பை நிறுத்திவிட்டு கேரவன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். போன பயணத்துத் தண்ணீர், கேஸ் சிலிண்டர், ஜெனரேட்டர், மெத்தைகள் எல்லாம் உள்ளேயே இருந்தன.

"நான் பிக்கப் ட்ரக்குல இழுத்தவன், அது எவ்வளவு கனமும் தாங்கும். எனக்கு இந்த யோசனையே வந்ததில்ல. வாங்க, நிறுத்துப் பாத்துடலாம்" என்றார்.

லாரிகளை எடைபோடும் மேடைக்கு அவருடைய ட்ரக்கிலேயே இழுத்துப் போனார்கள். கேரவன் 4,710 பவுண்டு வந்தது. அதில் கொக்கியில் உட்காரும் கனம் மட்டும் 580. ஆதிஃப் போனில் கூட்டினான். 580, ஆட்கள் 650.

"ஆயிரத்து இருநூத்தி முப்பது. வாப்பா, நோ வே" என்றான்.

ஸ்டிக்கரில் இருந்ததோ 1,150; பெட்டி படுக்கை எதுவும் இன்னும் அதில் சேரவில்லை. ஷம்சுதீன் எடை போட்ட சீட்டை வாங்கி இரண்டு தடவை பார்த்தார். வீட்டு வாசலில் இறங்கும்போது, "அந்தப் புத்தகத்த எடுத்து வை, நானும் படிக்கிறேன்" என்றார்.

ஹம்சாவின் கேரவனை ட்ரக் வைத்திருக்கும் ஒருவர் வாங்கிக்கொண்டார். ஷம்சுதீனும் பஸீலாவும் இப்போது வைத்திருப்பது சின்னது. சாமான் ஏற்றிய பிறகும் 2,600 பவுண்டைத் தாண்டாது, இரண்டு பேர்தான் படுக்கலாம். ஆதிஃபும் ஷம்சாத்தும் வருவதாக இருந்தால் தனிக் காரில் வந்து கூடாரம் போட்டுக்கொள்கிறார்கள்.