ஜோடி போட்ட ஆட்டுக்குட்டிகள்

ரெஜினா பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் மல்லிகைப்பூவும் சொல்யூஷனும் கலந்து ஒரு வாசனை வரும். எந்த சோப்பு போட்டாலும் அந்தப் பசை வாசனை அவள் விரலை விட்டுப் போகாது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மேல்தோல் வெட்டித் தைக்கிற வேலை. பள்ளிக்கூடத்தில் எனக்குப் பக்கத்து இடம். நான் டீச்சரானேன், அவள் மெஷினில் உட்கார்ந்தாள்.

அந்த வருஷம் என் அரையாண்டு லீவு, வேலூரில் ஏறிய ஆற்காடு பஸ்ஸில், அந்த வாசனையோடுதான் தொடங்கியது...

கிறிஸ்துமஸ் நெருங்கினால் திமிரி பக்கத்துக் கிராமங்களில் மகளிர் குழுவினர் சர்ச் வாசலில் கைவினைக் கண்காட்சி போடுவார்கள். மேலே ஷாமியானா, கீழே பள்ளிக்கூட பெஞ்சுகள். ஓலை நட்சத்திரம், கொட்டாங்குச்சி விளக்கு, மணி கோத்த பை. ஊர் ஊராகப் பார்த்துவிட்டு வரலாம் என்று கூப்பிட்டிருந்தாள்.

பஸ் பாதி வழி போனபோதுதான் விஷயத்தைச் சொன்னாள். கடைசி ஊரில் ஒரு மேசையில் அவள் செய்த சாமானும் இருக்கிறதாம். மிச்சம் விழுகிற வெள்ளைத் தோல் துண்டுகளை வாங்கி, கிறிஸ்துமஸ் குடிலில் வைக்கிற ஆட்டுக்குட்டிகளாக வெட்டியிருக்கிறாள். கூட வேலை செய்யும் ஒருத்தியின் ஊர் அது. அவள் மூலமாக, பெயர் சொல்லாமல் கொடுத்தனுப்பியது.

"ஆம்பூர்ல வெச்சா மூஞ்சிக்காக வாங்குவாங்க. அங்க என்னை யாருக்கும் தெரியாது. ஒண்ணாவது போச்சுன்னா, தெருவுல ரெண்டு பேர சேத்துக்கினு தனியா ஆரம்பிச்சிடுவேன். போகலைன்னா கத்தரிய உள்ள வெச்சிட வேண்டியதுதான்."

அந்த ஒன்றை நானே வாங்கிக்கொள்கிறேன் என்றேன்.

"நீ வாங்குனா கணக்குல வராது, டீச்சரம்மா."

அதுவும் சரிதான். பெற்ற தாய் பேப்பர் திருத்தினால் எந்தப் பிள்ளை ஃபெயிலாகும்?

முதல் ஊரில் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தாள். ஒரு துணிப்பையை உள்வெளியாகத் திருப்பி, தையல் மேல் கட்டைவிரலை ஓட்டினாள். கடையிலிருந்த அம்மா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "வாங்க வந்தியாம்மா, செக்கிங் பண்ண வந்தியா?" என்று கேட்டார். ரெஜினா சிரித்துக்கொண்டே அந்தப் பையை வாங்கிக்கொண்டாள். கடைசி ஊர் வரைக்கும் அவள் சிரித்தது அங்கே மட்டும்தான்...

கடைசி ஊருக்குப் போனபோது வெயில் தாழ்ந்திருந்தது. மேசை ஓரத்தில் ஆட்டுக்குட்டிகள் நின்றன. உள்ளங்கை அளவு. வழவழப்பான பக்கம் முன்னால், சொரசொரப்பு பின்னால். பிரமாதமாக இருந்தன. ஆனால் ஒன்றுகூடப் போகவில்லை.

ஏன் என்று சற்று நேரத்தில் தெரிந்தது. கைப்பிள்ளையோடு வந்த ஒரு பெண் ஆசையாக எடுத்தாள். ஒன்று மட்டும் கிடைக்குமா என்று கேட்டாள். "ஜோடியா கட்டிக் குடுத்துக்கிறாங்கம்மா, பிரிக்கக்கூடாது போல" என்றார் கடைக்கார அக்கா. அவள் வைத்துவிட்டுப் போனாள். அடுத்து வந்தவர்களும் அப்படியே.

ஷூவுக்கு வெட்டுகிற தோல் இடது, வலது என்று ஜோடியாகத்தான் இருக்கும். ஜோடி மாறாமல் இருக்க நூலால் கட்டித்தான் அடுத்த மேசைக்குத் தள்ளுவார்கள். கணக்கு வாத்தியார் மளிகைச் சீட்டுக்குக் கீழேயும் இரண்டு கோடு போடுவாரே, அந்த மாதிரி... ரெஜினாவின் கை ஆட்டுக்குட்டியையும் ஒன்று இடப்பக்கம் பார்க்க, ஒன்று வலப்பக்கம் பார்க்க வெட்டி, கழுத்தில் நூல் போட்டுக் கட்டியிருக்கிறது. அவளுக்கே அப்போதுதான் உறைத்தது.

"ஆட்டுக்கு இன்னாத்துக்குடி எடது, வலது?" என்று என் காதில் சொன்னாள். குரல் இறங்கியிருந்தது. போய்ச் சொல்லிவிடட்டுமா என்றேன். வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நேரத்தில் சர்ச்சுக்குள் குடில் ஜோடித்துக்கொண்டிருந்த ஒரு பெண், கையெல்லாம் வைக்கோலோடு வந்து நின்றார். ஒரு ஜோடியை எடுத்து, அப்படியும் இப்படியும் திருப்பினார். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏய், இங்க பாருங்க. கடையில வாங்குன பொம்மைக்கு ஒரு பக்கந்தான் சாயம். எல்லாம் ஒரே பக்கம் பாக்குது. பாதி ஆடு கொழந்தைக்கு முதுகு காட்டிக்கினு நிக்குது. இதுல ரெண்டு பக்கத்துக்கும் இருக்குது பாரு."

இருக்கிற எல்லாம் வேண்டும், ஆனால் பிரித்து வைக்க வேண்டும் என்றார். கடைக்கார அக்கா நூலைப் பார்த்துத் தயங்கினார்.

ரெஜினா என் கையை விட்டாள். பையிலிருந்து கத்தரியை எடுத்துக்கொண்டு முன்னால் போனாள்.

"குடுங்கக்கா, நான் பிரிச்சித் தர்றேன். நான்தான் கட்டுனேன்."

குடிலில் இடப்பக்கம் பாதி, வலப்பக்கம் பாதி. எல்லா ஆடுகளும் நடுவில் கிடந்த குழந்தையையே பார்த்தன. வரிசை கட்டி நின்று பார்த்தவர்களில் என் தோழிதான் கடைசி. நல்ல மார்க் வாங்கிய பிள்ளையின் முகம் எனக்குத் தெரியும், எத்தனையோ பார்த்திருக்கிறேன். அன்று அவள் முகம் அதுதான். எனக்குத்தான் கண் கலங்கியது.

இப்போது அவள் தெருவில் பாதிப் பெண்கள் அவளோடு உட்கார்ந்து வெட்டுகிறார்கள். கண்காட்சிக்கு பஸ் ஏற வேண்டியதில்லை, போனிலேயே ஆர்டர் வருகிறது. வெளியூர்க் குடில்களின் போட்டோ எல்லாம் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். நான் முதலில் ஆடுகள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்றுதான் பார்ப்பேன்.

போன டிசம்பரில் நானும் என் சத்துவாச்சாரி வீட்டு விலாசம் போட்டு ஆர்டர் செய்தேன். உடனே போன் வந்தது.

"கேன்சல் பண்ணிட்டேன். நீ வாங்குனா கணக்குல வராதுன்னு எத்தினி வாட்டி சொல்றது?"

இரண்டு நாளில் ஒரு ஷூ டப்பா வந்தது. உள்ளே ஒரு ஜோடி. திறந்தவுடன் அதே சொல்யூஷன் வாசனை...

நூலை நான் பிரிக்கவில்லை.