கிறுக்குப் பாட்டை முடிக்க விடுங்கள்

இசைக்குழு நடத்துகிறவனுக்கு வாசிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. யார் எந்த இடத்தில் நிறுத்தச் சொன்னாலும் பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்தவும் தெரிய வேண்டும். மேடையேறி வாத்தியத்தைக் கையில் எடுத்த பிறகு, கீழேயிருந்து சீட்டு வந்து பாதியில் பாட்டை மாற்றிய அனுபவம் உங்களுக்கு உண்டென்றால், நீங்கள் நம் கட்சி. மேலே படியுங்கள்.

எண்பதுகளில் தர்மபுரியில் ‘தகடூர் தண்டர்ஸ்’ என்று ஒரு குழு இருந்தது. நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். பரவாயில்லை, தர்மபுரியிலேயே பல பேர் கேள்விப்படவில்லை. நான் பேஸ் கித்தார். சர்ச் பாடகர் குழுவில் கித்தார் பழகி, மெல்லிய கம்பி அலுத்துப்போய்த் தடித்த கம்பிக்கு மாறியவன். டிரம்ஸ் முனிராஜ், என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். கித்தார் குமார். கல்யாண பேண்டு செட்டில் டிரம்பெட் ஊதிக்கொண்டிருந்த ஜாபர் பாயையும், சாக்ஸபோன், டிராம்போன் ஊதும் அவருடைய மச்சான்கள் இரண்டு பேரையும் கெஞ்சிக் கூத்தாடி எங்களோடு இழுத்துப் போட்டுக்கொண்டோம்.

முனிராஜின் சித்தப்பா பெங்களூர் லாரி ஓட்டுகிறவர். பிளாட்பாரத்தில் வாங்கிய ஒரு கேசட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அட்டை கிடையாது, யார் வாசித்தது என்றும் தெரியாது. பேஸ் கித்தார் குதிக்கிறது, டிரம்ஸ் அதைத் துரத்துகிறது, நடுவில் மூன்று நான்கு பேர் சேர்ந்து ஊதி ஊதி இரண்டையும் வம்புக்கு இழுக்கிறார்கள். இதற்கு ஃபங்க் என்று பெயர் என்பதே எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. அதைக் கேட்டுக் கேட்டு நாங்களே சொந்தமாக ஒரு பாட்டு செய்தோம். பாடுவதற்கு வார்த்தை எதுவும் இல்லை. ஆறு பேரும் தலைதெறிக்க ஓடிவந்து சட்டென்று ஒரே இடத்தில் நிற்போம். ஒரு மூச்சு விடும் நேரம் சத்தமே இருக்காது. அப்புறம் எல்லோரும் சேர்ந்து ஒரே ஒரு அடி. அதோடு முடிந்தது. ஜாபர் பாய் அதற்குக் கிறுக்குப் பாட்டு என்று பெயர் வைத்தார். அந்த முடிவை ஜனங்களுக்கு முன்னால் ஒரு தடவையாவது வாசித்துவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை. அது எவ்வளவு பெரிய ஆசை என்று அப்போது எனக்குத் தெரியாது.

புளி மண்டி

பயிற்சிக்கு இடம் கிடைப்பது கல்யாணத்துக்குப் பெண் கிடைப்பதைவிடக் கஷ்டம். அலைந்து திரிந்து ஊருக்கு வெளியே ஒரு புளி மண்டியைப் பிடித்தோம். சீசன் முடிந்து காலியாகக் கிடந்தது. ஆனால் வாசனை போகுமா? புளி வாசனைக்கு ஊதுகிறவர்கள் வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. நாலு வரி ஊதுவார்கள், குழாயைக் கவிழ்த்து உதறுவார்கள், மறுபடியும் ஊதுவார்கள். எனக்கோ கை பரபரக்கும். நிற்காமல் ஒரு தடவை வாசித்தால் என்ன என்று கத்துவேன்.

ஒரு வழியாகப் பாட்டு படிந்துவரும் நேரத்தில் பக்கத்துத் தோட்டத்து அம்மா வந்து நின்றார். அவர் வீட்டில் பட்டுப்பூச்சி வளர்ப்பு. எங்கள் சத்தத்தில் புழுவெல்லாம் தழையைத் தொடாமல் தலையைத் தூக்கிக்கொண்டு அப்படியே நிற்கிறதாம். டிரம்ஸை மெதுவாக அடிப்பதாக முனிராஜ் வாக்குக் கொடுத்தான். டிரம்ஸ் இல்லை, என் பேஸில்தான் புழுத் தட்டே அதிர்கிறது என்றார் அந்த அம்மா. அவருக்கு அது சாப்பாட்டுப் பிரச்சினை, நாங்கள் என்ன சொல்ல முடியும்? புழு கூடு கட்டுகிற வரைக்கும் நிறுத்தி வைத்தோம். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தினம் போய் எட்டிப் பார்த்து, “இன்னைக்குக் கட்டுமா?” என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் அந்த அம்மா தழையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “நீங்க வந்து இப்படி மொறைச்சாலும் அது தின்னாதுங்க. வூட்டுக்குப் போங்க, கட்டி முடிச்சதும் நானே சொல்லி அனுப்புறேன்.”

நாலு கம்பி

தர்மபுரியில் ஒரு வரவேற்பு. மைக் செட்காரர் ஒயர் இழுத்துக்கொண்டே வந்து என் கித்தாருக்கு முன்னால் நின்றுவிட்டார். குமாரின் ஆறு கம்பிக் கித்தாரைப் பார்த்தார், என்னுடைய நாலு கம்பியைப் பார்த்தார். நான் ஒரு கம்பியைத் தட்டிக் காட்டினேன். அவருடைய முகத்தில் இரக்கம் வந்துவிட்டது. பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்: “ரெண்டு கம்பி அறுந்துபோச்சுன்னு வெளிய சொல்லாதீங்க தம்பி. நான் சவுண்டக் கொறைச்சு வெச்சுக்கறேன், யாருக்கும் தெரியாது.”

கடத்தூர் ஊர்வலம்

ஜாபர் பாய் நல்ல வாசிப்புக்காரர். மச்சான்களும் அப்படித்தான். ஆனால் பிறந்ததிலிருந்து ஊர்வலத்தில் ஊதியே பழகியவர்கள். மாப்பிள்ளை அழைப்பானாலும் சரி, சவ ஊர்வலமானாலும் சரி, நடந்துகொண்டே ஊதுவதுதான் அவர்கள் தொழில். மேடையில் நிற்க வைத்தால் தாளம் தடுமாறும். சாக்பீஸில் வட்டம் போட்டு அதற்குள் நிற்கச் சொல்லிப் பார்த்தேன். வட்டம் இருந்தது, ஆட்கள் இல்லை. கேட்டால் பாய், “காலு நின்னா காத்து நின்னுருது தம்பி, நான் என்ன பண்றது?” என்பார்.

கடத்தூரில் ஒரு கல்யாண வரவேற்பு. கிறுக்குப் பாட்டு பாதி தாண்டிவிட்டது. நானும் முனிராஜும் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிறோம். கண்ணைத் திறந்தால் பாயையும் மச்சான்களையும் காணோம்! மேடையின் ஓரம் வந்திருக்கிறது, தெருமுனையில் திரும்புகிற பழக்கத்தில் திரும்பிப் படியிறங்கி, வாசலைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார்கள். அது போகட்டும். பேண்டு நகர்ந்தால் ஊர்வலம் நகர வேண்டும் என்பது நம் ஜனங்களின் ரத்தத்தில் ஊறிய விஷயம். முன் வரிசை எழுந்தது. பின்னாலேயே மற்றவர்களும் எழுந்தார்கள். யாரோ ஒரு பெண்மணி தாம்பூலத் தட்டைத் தூக்கிக்கொண்டார். மாப்பிள்ளையே மாலையைச் சரிசெய்துகொண்டு கிளம்பிவிட்டார். காலி நாற்காலிகளுக்கு முன்னால் நாங்கள் மூன்று பேர் முழித்துக்கொண்டு நின்றோம். கூட்டம் தெருமுனை வரைக்கும் போன பிறகுதான் மாப்பிள்ளையின் மாமா சந்தேகப்பட்டு, பாயின் தோளைத் தொட்டுக் கேட்டாராம்: “ஏங்க பாய், நாம இப்ப எங்க போறோம்? பொண்ணு அங்கயே ஒக்காந்துக்கினு இருக்குது.”

காரிமங்கலம்

கோயில் திருவிழா. இந்தத் தடவை பாயின் இடுப்பை மேடைத் தூணோடு துண்டால் கட்டிவிட்டோம். சிரிக்காதீர்கள், அவரே சொன்ன யோசனைதான். வேலை செய்தது. பாட்டு கடைசிச் சுற்றுக்கு வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அந்த நேரம் பார்த்து கமிட்டித் தலைவர் மேடைக்கு வந்து என் தோளில் கை வைத்தார். கோபமே இல்லை. அவ்வளவு நேரம் பொறுமையாக, மரியாதையாகக் காத்திருந்த மனிதர். எல்லோரும் நிறுத்தினோம். அவர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு கேட்டார்: “மியூசிக் ரொம்ப நல்லாத்தாங்க இருக்குது. பாட்டு எப்ப ஆரம்பிப்பீங்க?”

ஓசூர்

நான் சோற்றுத் தட்டில் தாளம் போடுவதைப் பார்த்துப் பார்த்து அப்பா ஒரு முடிவுக்கு வந்திருந்தார். ஓசூரில் ஒரு கம்பெனியில் அக்கா வீட்டுக்காரர் எனக்கு வேலை சொல்லி வைத்திருந்தார். சனிக்கிழமை சேலத்தில் ஒரு பொருட்காட்சிக்கு இசைக்குழுக்களைக் கேட்டுத் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள் என்று தகவல் வந்தது. எடுத்துக்கொண்டால் பொருட்காட்சி முடியும்வரை தினமும் மேடை. நான் அப்பாவிடம் அதற்கு மட்டும் விடச் சொன்னேன். அவர் நிதானமாகச் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டு வந்தார். “சேலத்துல உங்கள எடுத்துக்கிட்டாங்கன்னா நான் வாயே தொறக்கல. இல்லேன்னா திங்கக்கிழமை ஓசூர் பஸ்ல ஏறிடு சாமி.”

தொப்பூர்

சனிக்கிழமை மதியத்துக்குள் சேலத்தில் இருக்க வேண்டும். காலையிலேயே வேனில் கிளம்பிவிட்டோம். தொப்பூர் இறக்கத்தில் ஒரு லாரி கவிழ்ந்து ரோட்டை அடைத்துக்கொண்டு கிடந்தது. டிரைவருக்குக் கையில் சிராய்ப்புதான். அவர் பாட்டுக்கு மேலே ஏறிவந்து ஒரு சின்ன ஓட்டல் வாசலில் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். எங்கள் வேனும் அந்த ஓட்டலுக்கு எதிரில்தான் மாட்டிக்கொண்டது. முன்னாலும் பின்னாலும் கண்ணுக்கு எட்டிய வரை லாரி, பஸ். நான் வேனிலிருந்து இறங்குவேன், ஏறுவேன், வளைவு வரை ஓடிப்போய்ப் பார்ப்பேன். என் தொல்லை பொறுக்காமல் முனிராஜ்தான் சொன்னான், சும்மா இருப்பதற்கு இங்கேயே ஒரு தடவை வாசித்துப் பார்த்துவிடலாம் என்று.

ஓட்டல்கார அம்மாவிடம் கேட்டோம். மாவு ஆட்டும் கிரைண்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு எங்களுக்குக் கரண்ட் கொடுத்தார். கிறுக்குப் பாட்டை ஆரம்பித்தோம். பாயை யாரும் கட்டவில்லை. அவரும் மச்சான்களும் லாரி வரிசையை ஒட்டி இறக்கத்தில் நடக்க ஆரம்பித்தார்கள். அன்றைக்குத்தான் அவர்கள் ஊதி நான் முழுசாகக் கேட்டேன். என்ன ஒரு ஊத்து! கிளீனர்கள் கூரைமேல் ஏறி ஆடினார்கள். பஸ் ஜன்னலெல்லாம் தலை. சீட்டு எழுதி அனுப்ப ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

கடைசிச் சுற்று நெருங்கும்போது கீழே ஹாரன் சத்தம் கிளம்பியது. ரோட்டைத் திறந்துவிட்டார்கள். ஆடிக்கொண்டிருந்தவர்கள் குதித்து இறங்கி அவரவர் வண்டிக்கு ஓடினார்கள். எங்கள் வேன் டிரைவர் கத்தினார்: “இப்பவே ஏறுனா சேலத்தப் புடிச்சிரலாம்! வுட்டா பின்னாடி வண்டியெல்லாம் முந்திக்கும்!” எனக்கு ஓசூர் ஞாபகம் வந்தது, அப்பா கை கழுவிக்கொண்டு வந்தது ஞாபகம் வந்தது. முனிராஜைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். இரண்டு பேருமே நிறுத்தவில்லை.

வண்டிகள் கீழே உருள, அவற்றுக்கு எதிராகப் பாயும் மச்சான்களும் ஊதிக்கொண்டே மேலே ஏறிவந்தார்கள். புகையில் அவர்கள் முகம்கூடச் சரியாகத் தெரியவில்லை. ஓட்டல் வாசலுக்கு வந்ததும் பாய் டக்கென்று நின்றார். ஆமாம், நின்றார். ஆறு பேரும் ஒரே இடத்தில் நின்றோம். அந்த ஒரு மூச்சு அமைதி. அப்புறம் அந்த ஒரு அடி. அவ்வளவு சுத்தமாக மண்டியில்கூட ஒருநாளும் விழுந்ததில்லை. நிமிர்ந்து பார்த்தபோது எங்கள் வேனையும் மண்ணையும் தவிர ரோட்டில் எதுவும் இல்லை. ஓட்டல்கார அம்மா மாவுக்கையோடு எட்டிப் பார்த்தார். “முடிஞ்சுதுங்களா? முடிஞ்சுதுன்னா அந்த ஒயரப் புடுங்குங்க, அரிசி பாதியில நிக்குது.”

திங்கட்கிழமை ஓசூர் பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன், கிறுக்குப் பாட்டைக் கடைசிவரை கேட்ட ரசிகர்கள் இந்த உலகத்தில் அந்த ஓட்டல்கார அம்மாவும் லாரி கவிழ்ந்த டிரைவரும்தான், அவர்கள் இரண்டு பேருக்கும் அன்றைக்கு எழுந்து போக வேறு இடம் இல்லை.