சேர் அவுட் ஆகமாட்டார்

போன ஞாயிற்றுக்கிழமை நான் கிளீன் போல்ட் ஆனேன்.

சந்தேகமே இல்லை. நடு ஸ்டம்ப் பறந்துபோய்த் தேயிலைச் செடிக்குள் விழுந்தது. பேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடக்கத் தொடங்கினேன். அம்பயர் ராசு அண்ணன் கையைக் குறுக்கே நீட்டினார்.

“நீங்க நில்லுங்க சேர். டேய் செல்வா, சேர் இன்னும் ரெடியாகல. இன்னொரு பந்து போடு!”

ராசு அண்ணனின் பிள்ளைகள் இரண்டு பேர் என்னிடம் படிக்கிறார்கள். இப்போது புரிந்திருக்குமே?

நான் பிறந்து வளர்ந்த தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலேயே ஆசிரியராகி இரண்டு வருடமாகிறது. எங்கள் வீட்டில் படிப்பைக் கடைசிவரை விடாமல் பிடித்துக்கொண்ட முதல் ஆள் நான்தான். வேலை கிடைத்த அன்றே என் பெயர் காணாமல் போய்விட்டது. அந்த இடத்தில் ‘சேர்’ வந்து உட்கார்ந்துகொண்டது. எனக்குப் பெயர் வைத்த அம்மாவே போனில் சித்தியிடம் சொல்கிறார் — “சேர் இன்னும் ஸ்கூல்லருந்து வரலடி.”

இந்த ஒரு ஆங்கிலச் சொல்லை நாம் படுத்தும் பாடு இருக்கிறதே...

தலவாக்கலை பஸ்ஸில் கண்டக்டர் “சேர், பின்னுக்குப் போங்க சேர்” என்றால், ‘வாசலை அடைக்காதே’ என்று அர்த்தம். இறங்கும் இடம் வந்ததும் அதே வாய் “பஹின்ன, பஹின்ன” என்று சிங்களத்தில் இறங்கச் சொல்லி விரட்டும். மரியாதையெல்லாம் ஏறும்போது மட்டும்தான்.

டவுனில் செருப்புக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன், எங்கள் நானாவுக்கு, உள்ளே நுழையும்போது நான் சேர். விலையைக் குறைத்துக் கேட்டால் தம்பி. ஒன்றும் வாங்காமல் வெளியே வந்தால்... முதுகுக்குப் பின்னால் என்ன பெயரோ, நான் நின்று கேட்டதில்லை.

ஹெல்மெட் இல்லாமல் போலீசிடம் மாட்டினால்? “சேர், சேர், சேர்...” மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாத கும்பிடு அது. வகுப்பிலோ, “சேர்ர்ர்...” என்று ஒரு குரல் இழுத்தால், எவனோ எவனையோ கிள்ளியிருக்கிறான்.

எங்கள் தோட்டத்தில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஒரு நாள் காலை, எதிரே புல்லுக்கட்டோடு வந்த மாரிமுத்து மாமா, என்னைக் கண்டதும் பாதையோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி வழிவிட்டார். என்னைத் தோளில் ஏற்றித் தேர் காட்டிய மனிதர். “நீங்க போங்க சேர்.” அகலமான பாதைதான். ஆனாலும் எனக்கு அதில் நடக்க இடமிருக்கவில்லை. மரியாதை கிடைத்தது, மனிதர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போனார்கள்.

அதிகமாகத் தள்ளிப் போனவன் செல்வா.

ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் இருந்தவர்கள் நாங்கள். இப்போது திரீவீல் ஓட்டுகிறான். எங்கள் தோட்டத்துக் கீழ் டிவிசன் டீமின் வேகப்பந்துக்காரனும் அவன்தான். பந்தைக் கோட்டைவிட்டுவிட்டு அதன் பின்னால் குதித்துக் குதித்து ஓடுவேன் என்பதால், சின்ன வயதில் எனக்கு ‘தவக்களை’ என்று பெயர் வைத்தவன். நான் ஆசிரியரான பிறகு அவன் என்னைத் தவக்களை என்று கூப்பிடவில்லை. சேர் என்றும் கூப்பிடவில்லை. எதுவுமே கூப்பிடவில்லை. வழியில் கண்டால், “ஆ... வந்து... டவுனுக்கா?” அவ்வளவுதான். அந்த ‘வந்து’வை எப்படியாவது உடைத்துவிட வேண்டும் என்றுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு எதிராக மேல் டிவிசன் பக்கம் பேட் பிடிக்கப் போனேன்.

போனால்? பழைய வழக்கம் ஒன்று குறுக்கே நின்றது. புதுவருட விளையாட்டுப் போட்டியில் தோட்டத்து மேலாளரான தொரை பேட் பிடித்தால் யாரும் அவுட் கேட்பதில்லை. தொரை களைத்துப்போய் பேட்டைக் கீழே வைத்தால்தான் ஆட்டம் அடுத்தவருக்கு. அந்த மரியாதையை அப்படியே தூக்கி என் தலையில் வைத்துவிட்டார்கள்!

ராசு அண்ணன் கேட்ட அந்த இன்னொரு பந்தைச் செல்வா போட்டான். நான் அடித்தது லட்டு மாதிரி ஒரு கேட்ச். என் வகுப்புத் திலக்ஷன் கையில் விழுந்தது. பிடித்தான். என்னைப் பார்த்தான். கீழே போட்டான்.

“சொரி சேர்!”

அதற்கடுத்த பந்தில் ரன் அவுட். பாதி வழியில் நின்றுகொண்டிருக்கிறேன், அங்கே ஸ்டம்ப் இல்லை. “சேருக்குச் சப்பாத்து வழுக்கிருச்சு. அது கணக்கில்ல” என்றார் ராசு அண்ணன்.

“அண்ணே, நான் அவுட்டுண்ணே. விடுங்க, போறேன்.”

“அத நீங்க எப்படி சேர் சொல்லுவீங்க? அம்பயர் நானா, நீங்களா?”

அவுட் ஆவதற்குக்கூடச் சிபாரிசு வேண்டும்போல!

செல்வா பந்தைத் தரையில் ஓங்கி அடித்தான். நேராக என்னிடம் வந்தான்.

“டேய் தவக்கள! மூணு தடவ அவுட்டாகிட்டு மரம் மாதிரி நிக்கிறியே... வெக்கமா இல்ல ஒனக்கு? போடா வெளிய!”

ராசு அண்ணன் வாயில் கை வைத்தார். “அடப்பாவி... சேரப் போயி...”

எனக்கோ சிரிப்பு தொண்டைவரை வந்துவிட்டது. “இவரு விடமாட்டேங்கிறாருடா. நான் என்னா செய்ய?”

“நல்லா செஞ்ச போ. ரெண்டு வருசமா மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு...”

“நானாடா? நீயாடா?”

அவனும் சிரித்துவிட்டான். என் கழுத்தில் கையைப் போட்டு எல்லைக்கோடுவரை இழுத்துக்கொண்டு போனான். திரும்பிப் பார்த்தேன். ராசு அண்ணன் மெதுவாக விரலைத் தூக்கிக்கொண்டிருந்தார் — முழுசாகத் தூக்க மனமில்லாமல், பாதி.

அவ்வளவு சந்தோஷமாக நான் அவுட் ஆனதே இல்லை.

தோட்டம் சும்மா விடுமா? திங்கட்கிழமை விஞ்ஞானப் பாடம். திலக்ஷன் ரொம்பப் பணிவாக எழுந்து நின்றான்.

“சேர்... தவக்கள தண்ணியில வாழுமா, தரையில வாழுமா சேர்?”

பின் பெஞ்சில் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

“ரெண்டுலயும்தான்டா. உக்காரு.”