கை தூக்கினால் ஏறாத தோல் ஜாக்கெட்

என் அண்ணி ஒன்பது வருடமாகத் தோல் ஜாக்கெட் தைக்கிறார். முதல் இரண்டு வருடம் பசை தடவி ஓரம் மடித்தார். அடுத்த ஆறு வருடம் காலர் மட்டும், ஒரு நாளைக்கு எண்பது காலர். "கழுத்து மட்டும் வரிசையா கனவுல வருது" என்று அப்போது சொல்வார். போன வருடம்தான் அவரைச் சாம்பிள் ரூமுக்கு மாற்றினார்கள். ஆர்டர் கொடுப்பவர்களிடம் காட்டுவதற்கான முதல் ஜாக்கெட் தயாராகும் அறை அது. அங்கே மொத்தம் மூன்று பேர்: வெட்டுவதற்கு மாஸ்டர், தைப்பதற்கு அண்ணி, ஜிப்பும் பொத்தானும் எடுத்துக் கொடுக்க ஸ்டோர்காரர். அங்கே நடப்பதையெல்லாம் அண்ணி வீட்டில் எங்களுக்கு நடித்தே காட்டுவார். அதனால்தான் என்னால் இவ்வளவு சொல்ல முடிகிறது.

காலர் தைத்த காலத்திலேயே அண்ணி பழைய அட்டைகளின் பின்பக்கத்தில் ஜாக்கெட் வரைவார். அதில் ஒன்றை மாஸ்டரிடம் காட்டினார். ஒயின் நிறத்தில், இடுப்போடு நிற்கும் பெண்கள் ஜாக்கெட். ஜிப் நடுவில் இல்லை. இடது தோளிலிருந்து வலது இடுப்புக்குச் சாய்ந்து இறங்கும். சின்னக் காலர். பித்தளை ஜிப்பைத் தவிர மின்னுவது எதுவும் இல்லை. மாஸ்டருக்குப் பிடித்துப்போய் வெட்டிக் கொடுத்தார். அண்ணி தைத்தார். சாம்பிள் போன வேகத்தில் திரும்பி வந்தது. "அழகாக இருக்கிறது. ஆனால் கையைத் தூக்கினால் ஜாக்கெட் முழுவதும் மேலே ஏறுகிறது" என்று அதனுடன் ஒரு சீட்டு.

மாஸ்டர் அக்குளைத் தளர்த்தி இன்னொன்று வெட்டினார். அதுவும் அதே குறையோடு திரும்பி வந்தது.

"மாட்டிப் பார்க்கிற பொம்மைக்குக் கச்சிதமா இருக்கே, இவங்களுக்கு என்னம்மா நோவு?" என்றார் மாஸ்டர்.

"பொம்மைக்குக் கை இல்லையே மாஸ்டர்."

ஸ்டோர்காரர் சிரித்துவிட்டார். மாஸ்டருக்குச் சுருக்கென்றது.

"அப்ப நீயே வெட்டு. வெள்ளிக்கிழமை ஆர்டர் கொடுக்கிற அந்தம்மா நேர்ல வர்றாங்க. இதுவும் போச்சுன்னா இந்த டிசைனை மூட்டை கட்டிடலாம். உன் காலர் மெஷின் சும்மாதான் கிடக்கு."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சாம்பிள் ரூமிலிருந்து காலருக்குத் திரும்பிப் போனவர்கள் மறுபடி அந்தப் பக்கம் வந்ததே இல்லை.

அன்று செவ்வாய்க்கிழமை. முறைப்படி முதலில் காடாத் துணியில் தைத்துப் பார்த்துவிட்டுத்தான் தோலில் கை வைக்க வேண்டும். நாள் போதாது என்று அண்ணி நேராகத் தோலையே வெட்டினார். எல்லோரும் நினைப்பதைத்தான் அவரும் நினைத்தார்: கை தாராளமாக அசைய வேண்டுமானால் அக்குள் இன்னும் இறக்கமாக இருக்க வேண்டும். ஒன்றரை அங்குலம் கூடுதலாக இறக்கினார்.

புதன்கிழமை சாயங்காலம் தானே போட்டுக்கொண்டு கையைத் தூக்கினார். ஜாக்கெட் விலா வரைக்கும் ஏறியது. முன்னைவிட மோசம்.

துணியாக இருந்தால் பிரித்துத் தைக்கலாம். தோலில் ஊசி போட்ட ஓட்டை ஓட்டைதான். அந்த ஒயின் நிறத்தில் இன்னொரு முழுத்தோலும் இல்லை. புதிதாகச் சாயம் ஏற்றினால் நிறம் கொஞ்சமாவது மாறும், வந்து சேரப் பதினைந்து நாளும் ஆகும்.

வீட்டுக்கு வந்து அண்ணி செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார். அம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அவசரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு சும்மாவா சொன்னாங்க" என்றார்.

"வெந்த புண்ணுல வேலைப் பாய்ச்சாதீங்க அத்தை."

அண்ணன் பெயிண்டர். காதுமடலில் வெள்ளைப் பெயிண்டோடு அப்போதுதான் உள்ளே வந்தார். "இதுக்கா இவ்ளோ யோசனை? நான் லூஸ் சட்டை போட்டுக்கிட்டு சீலிங் அடிச்சா தொப்புள் தெரியும். அதான் இந்த டைட் டி-சர்ட்டையே போடுறேன்."

"உன் தொப்புளைப் பத்தி இப்ப யாருடா கேட்டா?" என்றார் அம்மா.

அண்ணி எழுந்துவிட்டார். "இருங்க. கையைத் தூக்குங்க."

டி-சர்ட் அரை விரல்தான் ஏறியது. லூஸ் சட்டையை மாட்டிக்கொண்டு தூக்கச் சொன்னார். ஒரு சாண் ஏறியது. அண்ணி அண்ணனின் அக்குளில் விரலை வைத்துப் பார்த்தார். "கூசுதுடி!" என்று அண்ணன் துள்ளினார். டி-சர்ட்டின் தையல் அக்குளை ஒட்டியே இருந்தது. சட்டையின் தையல் நாலு விரல் கீழே. தையல் எவ்வளவு கீழே இருக்கிறதோ, அவ்வளவு துணியையும் கை தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறது.

"ஐயோ, மேல போக வேண்டியதை ரெண்டு தடவையும் கீழேயே இறக்கியிருக்கோம்" என்றார் அண்ணி.

வியாழக்கிழமை காலை முதல் வேலையாகக் கழிவுப் பெட்டியைக் கிளறினார். வயிற்றுப் பக்கத்துத் தோல் இழுத்தால் நீளும், அதனால் ஜாக்கெட்டுக்கு ஆகாது என்று ஒதுக்கிவிடுவார்கள். அதே ஒயின் நிறத்தில், அதே சாயத்தில் நாலைந்து துண்டுகள் கிடைத்தன. மற்ற இடத்தில் நீண்டால் தொய்வு. அக்குளில் நீண்டால் அதுதான் வசதி. ஜாக்கெட்டின் கையைப் பிரித்து, ஓட்டை விழுந்த ஓரத்தை வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு பக்கமும் பட்டம் போன்ற வடிவில் ஒரு துண்டு வைத்துத் தைத்தார். அக்குள் மேலே வந்தது. கையைத் தொங்கவிட்டால் துண்டு உள்ளே மடிந்து மறைந்தது. மாஸ்டர் எட்டிப் பார்த்தார். மடிப்பைத் தட்டிப் படிய வைக்கத் தன் சுத்தியலைக் கொடுத்தார்.

ஆர்டர் கொடுக்கும் அம்மா வெள்ளிக்கிழமை வந்து ஜாக்கெட்டைப் போட்டு, சாய்ந்த ஜிப்பை ஏற்றி, கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தார். பிறகு இரண்டு கையையும் தூக்கினார். அலமாரியின் மேல்தட்டில் இருந்த நூல் கண்டை எடுத்தார், திரும்ப வைத்தார். ஜாக்கெட் ஒரு விரல் அளவு ஏறி, கை இறங்கியதும் தானாகவே படிந்தது. அப்போதுதான் அக்குள் துண்டு அவர் கண்ணில் பட்டது.

"இது டிசைன்லயே இருந்ததா?"

மாஸ்டர் ஜன்னலைப் பார்த்தார்.

"இல்லைங்க. தப்பா வெட்டிட்டேன், அதைச் சரிபண்ணப் போய் வந்துச்சு" என்றார் அண்ணி. "அடுத்ததுல முதல்லயே வரைஞ்சு வெட்டுவேன்."

"அப்ப அடுத்தது பண்ணுங்க. கை நீளம் அரை அங்குலம் கூட்டுங்க. இன்னும் பெரிய சைஸ்ல ரெண்டு வேணும். அதைப் பார்த்துட்டு ஆர்டர் பேசலாம்."

ஆர்டர் இன்னும் கையில் வரவில்லை. ஆனால் காலர் மெஷினைப் பற்றி மாஸ்டர் அதற்குப் பிறகு பேசவில்லை. கத்தரியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "பெரிய சைஸுக்கு யாரை நிக்க வெச்சு அளவெடுப்பே?"

"அதான் தெரியல மாஸ்டர்."

"வீட்ல சொல்லி அனுப்புறேன். அவ சரியா இருப்பா." கொஞ்சம் தள்ளிப் போனவர் திரும்பி வந்தார். "நான் சைஸைப் பத்திப் பேசினேன்னு மட்டும் சொல்லிடாதேம்மா. எனக்குச் சோறு கிடைக்காது."

திங்கட்கிழமை மாஸ்டரின் மனைவி வந்தார். இந்தத் தடவை அண்ணி முதலில் காடாத் துணியில்தான் தைத்து வைத்திருந்தார். அந்த அம்மா அதைப் போட்டுக்கொண்டு கையைத் தூக்கினார், இறக்கினார், இடுப்பில் கையை ஊன்றினார்.

"நல்லாத்தான் இருக்கு. பின்பக்கம் மட்டும் கொஞ்சம் பிடிக்குது. ஆமா, என் சைஸ் இதுதான்னு உனக்கு யாரும்மா சொன்னது?"

அண்ணி சாக்பீஸால் முதுகில் கோடு போட்டபடி, "பிடிக்கிற இடத்தை மட்டும் காட்டுங்க அக்கா" என்றார். மாஸ்டர் கத்தரிக்குச் சாணை பிடிக்கக் கிளம்பிப் போய்விட்டார்.